அதே பாட்டுதானே, எதற்கு 400 வெள்ளி?

மகன் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர். தந்தை கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வுபெற்றவர். விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த பணத்தில் 400 வெள்ளிக்கு ஓர் இயர்ஃபோன் வாங்கப் போவதாக மகன் சொல்கிறார்.

"இருபது வெள்ளி இயர்ஃபோன்லயும் அதே பாட்டுதானே தம்பி கேக்குது? அப்புறம் எதுக்கு நானூறு வெள்ளி?"

"அதுல கேக்காததெல்லாம் இதுல கேக்கும்பா."

இத்தகைய உரையாடல் நம் வீடுகள் பலவற்றில் நடந்துகொண்டுதான் இருக்கிறது. இருவர் பேச்சிலும் நியாயம் உண்டு. தந்தைக்குப் பணத்தின் அருமை தெரியும். மகனுக்கு இசையின் மீது ஆசை. இருவரில் யார் சொல்வது சரி என்பதை அறிய, விலைப்பட்டியலைப் பார்த்தால் மட்டும் போதாது. அந்தக் கருவி எப்படி வேலை செய்கிறது, காது எப்படிக் கேட்கிறது என்ற இரண்டையும் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும்.

மேடையிலிருந்து வந்த கருவி

காதின் துவாரத்துக்குள் நுழைந்து அதை அடைத்துக்கொள்ளும் இயர்ஃபோனுக்கு 'இன்-இயர் மானிட்டர்' என்று பெயர். சுருக்கமாக ஐ.இ.எம். என்பார்கள். முதலில் இது மேடைக் கலைஞர்களின் கருவியாக இருந்தது. பாடகர்களும் வாத்தியக்காரர்களும் தங்கள் இசையைத் தாங்களே கேட்க, மேடைத் தரையில் அவர்களை நோக்கி ஒலிபெருக்கிகளை வைப்பது வழக்கம். மேடையில் சத்தம் கூடக் கூட அந்த ஒலிபெருக்கிகளின் சத்தத்தையும் கூட்ட வேண்டியிருந்தது. இதனால் கலைஞர்களின் காதுகள்தாம் பாதிக்கப்பட்டன.

வெளிச் சத்தத்தை அடைத்துவிட்டு, வேண்டிய ஒலியை மட்டும் குறைந்த அளவில் காதுக்குள் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் பிறந்தது. 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவின் எட்டிமோட்டிக் நிறுவனம் ஈஆர்-4 என்னும் இயர்ஃபோனை வெளியிட்டது. 1995ஆம் ஆண்டில் வான் ஹேலன் இசைக்குழுவின் ஒலிப் பொறியாளரான ஜெர்ரி ஹார்வி, அக்குழுவின் டிரம் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காகக் காதுக்குள் பொருத்தும் கருவியை உருவாக்கினார். அதிலிருந்து அல்டிமேட் இயர்ஸ் என்ற நிறுவனம் பிறந்தது. 2001ஆம் ஆண்டில் ஐபாட் வந்த பிறகு, மேடையில் இருந்த இந்தக் கருவி சாதாரண மக்களின் சட்டைப்பைக்கும் வந்து சேர்ந்தது.

சத்தத்தைக் குறைத்துக் கேட்பதற்காகவே இந்தக் கருவி பிறந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்று பலர் இதை நேர்மாறாகப் பயன்படுத்துகிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது?

பெட்டியின் மேல் 'ஐந்து டிரைவர்', 'எட்டு டிரைவர்' என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். டிரைவர் என்பது மின்சாரத்தை ஒலியாக மாற்றும் உறுப்பு. இதில் மூன்று வகைகள் பரவலாக உள்ளன.

முதலாவது 'டைனமிக்' வகை. வீட்டு ஒலிபெருக்கியின் குட்டி வடிவம் இது. காந்தமும் கம்பிச் சுருளும் மெல்லிய சவ்வை அசைத்து ஒலியை எழுப்புகின்றன. பெரும்பாலும் பத்து மில்லிமீட்டர் அளவில் இருக்கும். தவில், மிருதங்கத்தின் தொப்பி, பேஸ் கிட்டார் போன்ற கனத்த ஒலிகளை இது இயல்பாகக் கொடுக்கும்.

இரண்டாவது 'பேலன்ஸ்டு ஆர்மெச்சர்' வகை. காது கேளாதோருக்கான செவித்துணைக் கருவிகளிலிருந்து வந்தது. அரிசி மணியைவிடச் சற்றே பெரியது. ஒன்று போதாதென்று, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று, குரலுக்கு ஒன்று, உச்ச ஒலிக்கு ஒன்று எனப் பலவற்றைச் சேர்த்து வைப்பார்கள். மூன்றாவது 'பிளேனர்' வகை. தட்டையான சவ்வின் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் அசையும். இவ்வகை அண்மை ஆண்டுகளில்தான் நடுத்தர விலைக்கு இறங்கி வந்துள்ளது.

டிரைவர்களின் எண்ணிக்கை கூடினால் ஒலித்தரமும் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியன்று. ஐந்து பேர் சேர்ந்து பாடும்போது சுருதி சேரவில்லை என்றால், ஒருவர் தனியாக நன்றாகப் பாடுவதே மேல் அல்லவா? பல டிரைவர்களை ஒன்றோடொன்று இசைந்து ஒலிக்கச் செய்வது கடினமான வேலை. எட்டிமோட்டிக்கின் ஈஆர்-4இல் ஒவ்வொரு காதுக்கும் ஒரே ஒரு டிரைவர்தான் இருந்தது.

விலைக்கும் ஒலிக்கும் தொடர்பு உண்டா?

ஓர் இயர்ஃபோனின் குணத்தை நிர்ணயிப்பதில் முதலிடம் பெறுவது, தாழ்ந்த ஒலி முதல் உச்ச ஒலி வரை எதை எவ்வளவு கூட்டிக் குறைத்துக் கொடுக்கிறது என்பதுதான். சமையலில் உப்பு, புளி, காரத்தின் அளவு போன்றது இது. இதற்கு 'ஒலிச் சமன்பாடு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நம் காதுத் துவாரம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள குழாய். ஒரு முனை திறந்தும் மறுமுனை செவிப்பறையால் மூடியும் இருக்கிறது. புல்லாங்குழலைப் போல இந்தக் குழாய்க்கும் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. ஏறத்தாழ 3,000 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை அது இயற்கையாகவே கூட்டிக் கொடுக்கிறது. இயர்ஃபோனால் துவாரத்தை அடைத்தவுடன் இந்த இயற்கை உதவி மாறிவிடுகிறது. எனவே கருவியே அந்தப் பகுதியைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். அளவு குறைந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல மங்கும். அளவு மிஞ்சினால் குரல் கத்துவது போலக் காதைக் குத்தும்.

ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஒலிவ் தலைமையிலான ஆய்வாளர்கள், எந்தக் கருவி என்று சொல்லாமலேயே பலரைக் கேட்க வைத்துச் சோதித்தனர். பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களும் பெரும்பாலும் ஒரே மாதிரியான ஒலிச் சமன்பாட்டையே விரும்பினர். தயாரிப்பாளர்கள் பலர் இன்று அந்த ஆய்வை வழிகாட்டியாகக் கொள்கிறார்கள்.

அப்படியானால் விலை உயர்ந்த கருவிகளில் இந்தச் சமன்பாடு சிறப்பாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஜெரோன் பிரேபார்ட் என்ற ஆய்வாளர் 2017ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் 283 ஹெட்ஃபோன்களின் அளவீடுகள் ஒப்பிடப்பட்டன. காதை மூடுபவை, காதின் மேல் அமர்பவை, காதுக்குள் நுழைபவை என மூன்று வகைகளும் அதில் இருந்தன. விலைக்கும் ஒலிச் சமன்பாட்டுக்கும் இடையே தொடர்பு காணப்படவில்லை என்பதே அவரது முடிவு.

தந்தையின் கட்சிக்கு இது வலுவான சான்று. சந்தை நிலவரமும் அவர் பக்கமே சாய்கிறது. சீனத் தயாரிப்பாளர்களின் போட்டியால் விலை வெகுவாகக் குறைந்துள்ளது. எடுத்துக்காட்டாக, 'கிரினக்கிள்' என்ற பெயரில் அறியப்படும் சிங்கப்பூர் இயர்ஃபோன் விமர்சகருடன் இணைந்து ட்ரூத்இயர் நிறுவனம் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட 'சீரோ', ஏறத்தாழ 50 அமெரிக்க வெள்ளிக்கு விற்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் பல நூறு வெள்ளி கொடுத்தால்தான் கிடைத்த சமன்பாட்டை இன்று நூறு வெள்ளிக்குள் பெற முடிகிறது.

முதலில் பொருத்தம், பிறகுதான் ஒலி

ஒரே கருவியை இருவர் வாங்குகிறார்கள். ஒருவர் 'பிரமாதம்' என்கிறார். மற்றவர் 'பேஸே இல்லை, பணம் வீண்' என்கிறார். பெரும்பாலும் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். இருவருடைய காதுகளும் ஒன்றல்ல.

இயர்ஃபோனின் நுனியில் உள்ள ரப்பர் முனை துவாரத்தைச் சரியாக அடைக்காவிட்டால், தாழ்ந்த ஒலி அந்த இடைவெளி வழியே கசிந்துவிடும். மிச்சமிருப்பது மெலிந்த, கீச்சென்ற ஒலி மட்டுமே. 400 வெள்ளிக் கருவியும் அப்போது இருபது வெள்ளிக் கருவியைவிட மோசமாக ஒலிக்கும். ஆகவே கருவியைக் குறை கூறுவதற்கு முன்பு, பெட்டியில் உள்ள எல்லா அளவு முனைகளையும் மாற்றிப் பார்க்க வேண்டும். இடக் காதுக்கு ஓர் அளவும் வலக் காதுக்கு வேறோர் அளவும் தேவைப்படுவது அரிதன்று. ரப்பர் ஒத்துவராதவர்களுக்கு, விரலால் அழுத்திச் சுருக்கி உள்ளே வைத்தால் விரிந்து அடைத்துக்கொள்ளும் நுரைமுனைகள் தனியாகக் கிடைக்கின்றன. சில வெள்ளி செலவில் கிடைக்கும் இந்த மாற்றம், பல நேரங்களில் நூறு வெள்ளி கூடுதலாகக் கொடுத்து வாங்கும் கருவியைவிட அதிகப் பலன் தரும்.

கடையில் கேட்டுப் பார்ப்பது எப்படி?

கோல்மன் ஸ்திரீட்டிலுள்ள தி அடெல்ஃபி, ரோச்சோர் வட்டாரத்திலுள்ள சிம் லிம் ஸ்குவேர் ஆகிய கட்டடங்கள் ஒலிக்கருவிக் கடைகளுக்குப் பெயர் பெற்றவை. கேட்டுப் பார்த்து வாங்க அனுமதிக்கும் கடைகளைத் தேடிச் செல்வது பயனீட்டாளருக்கு நல்லது. அங்கே ஐந்து செய்திகளைக் கவனத்தில் கொள்ளலாம்.

ஒன்று, சத்தத்தின் அளவைச் சமப்படுத்துங்கள். இரண்டு கருவிகளில் சற்றே சத்தமாக ஒலிப்பது எதுவோ, அதுவே சிறந்தது என்று மூளை முடிவு கட்டிவிடும். ஒரு டெசிபல் வேறுபாடு கூட இந்த மயக்கத்தை உண்டாக்கலாம். கருவியை மாற்றும்போது, குரலின் சத்தம் ஒரே அளவில் கேட்கும்படி கைத்தொலைபேசியில் திருத்திக்கொண்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

இரண்டு, தெரிந்த பாடல்களைக் கொண்டு செல்லுங்கள். கடைக்காரர் போட்டுக் காட்டும் பாடல் அந்தக் கருவிக்குப் பொருத்தமானதாகவே இருக்கும். நூறு முறை கேட்டுப் பழகிய பாடலில்தான் மாற்றம் புலப்படும். பெண் குரலில் 'ச', 'ஸ' எழுத்துகள் ஊசிபோல் குத்துகின்றனவா என்று பாருங்கள். மிருதங்கத்தின் வலந்தலை நாதமும் தொப்பியின் கும்கியும் தனித்தனியாகக் கேட்கின்றனவா, பாடகரின் குரலுக்குப் பின்னால் தம்புரா தொடர்ந்து ஒலிக்கிறதா என்று கவனியுங்கள். நாதஸ்வரம் நல்ல சோதனை. உச்ச ஒலி மிகுந்த கருவியில் இரண்டு நிமிடம்கூட அதைக் கேட்க முடியாது.

மூன்று, பழைய பாடல் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். 1950களிலும் 60களிலும் வந்த தமிழ்த் திரைப்பாடல்கள் மோனோ முறையில் பதிவானவை. இரு காதுகளுக்கும் ஒரே ஒலிதான் செல்லும். குரல் தலையின் நட்ட நடுவில் கேட்க வேண்டும். ஒரு பக்கமாகச் சாய்ந்து கேட்டால் இரு பக்கங்களையும் மாற்றி அணிந்து பாருங்கள். சாய்வும் சேர்ந்து பக்கம் மாறினால் குறை கருவியில் இருக்கிறது. மாறாவிட்டால் பொருத்தத்திலோ காதிலோ இருக்கிறது. இடமும் வலமும் பிரிந்து கேட்பதைச் சோதிக்க ஸ்டீரியோப் பாடல் வேண்டும். சிங்கப்பூரில் படமாக்கப்பட்ட, 1978ஆம் ஆண்டில் வெளிவந்த 'ப்ரியா', ஸ்டீரியோ முறையில் பாடல்கள் பதிவான தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்று. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் தெரிந்த பாடல்களாகவும் அமையும்.

நான்கு, விலையைப் பார்க்காமல் கேளுங்கள். நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் சென்று, எது என்ன விலை என்று சொல்லாமல் கொடுக்கச் செய்யுங்கள். விலைச்சீட்டைப் பார்த்த கண் காதை ஏமாற்றிவிடும்.

ஐந்து, அவசரப்படாதீர்கள். முதல் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று கவரும் ஒலி, அரைமணி நேரத்தில் தலைவலியைத் தரக்கூடும். அரைமணி நேரம் அணிந்தும் காது மடல் வலிக்காமல் இருந்தால் அதுவே பெரிய தகுதி. பலர் அணிந்து பார்த்த கருவி என்பதால் முனையைத் துடைத்துக்கொள்வதும், முடிந்தால் சொந்த முனைகளைக் கொண்டு செல்வதும் நலம்.

கூடுதல் பணம் எங்கே போகிறது?

நடுத்தர விலை என்பதை 100 முதல் 500 வெள்ளி வரை என்று வைத்துக்கொள்வோம். இருபது வெள்ளியிலிருந்து நூறு வெள்ளிக்கு ஏறும்போது கிடைக்கும் முன்னேற்றம் பெரியது. நூறிலிருந்து முந்நூறுக்கு ஏறும்போது முன்னேற்றம் உண்டு, ஆனால் சிறியது. பல வாத்தியங்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இடங்களில் ஒவ்வொன்றும் தெளிவாகப் பிரிந்து கேட்பது, இடமும் வலமும் துல்லியமாக ஒத்திருப்பது போன்றவை அதில் அடங்கும். அதற்கு மேல் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதி உலோக உறைக்கும் அழகான பெட்டிக்கும் வண்ணக் கம்பிக்கும் செல்கிறது.

பணம் கொடுக்கத் தகுந்த சில அம்சங்களும் உள்ளன. கழற்றி மாட்டக்கூடிய கம்பி அவற்றில் ஒன்று. இயர்ஃபோனில் முதலில் பழுதாவது கம்பிதான். கழற்ற முடிந்தால் சில வெள்ளியில் மாற்றிவிடலாம், கருவியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கம்பியில்லா இயர்ஃபோன்களின் மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கம்பியுள்ள நல்ல கருவி பத்தாண்டுகள்கூட உழைக்கும். உள்ளூர்க் கடையின் உத்தரவாதமும் கணக்கில் சேர்க்க வேண்டியதே. இணையத்தில் முப்பது வெள்ளி குறைவாகக் கிடைத்தாலும், பழுதானால் வெளிநாட்டுக்கு அனுப்பும் செலவு அதை விழுங்கிவிடும்.

மற்றொன்றையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். 2016ஆம் ஆண்டில் ஐபோன் 7 வந்ததிலிருந்து கைத்தொலைபேசிகள் பலவற்றில் இயர்ஃபோன் துளை இல்லை. சிறிய இணைப்பான் ஒன்றைத் தனியாக வாங்க வேண்டும். பெரும்பாலானோருக்கு எளிய இணைப்பானே போதும். விலை உயர்ந்த பெருக்கியை உடனே வாங்க வேண்டும் என்பது கட்டாயமன்று. கைத்தொலைபேசியிலுள்ள 'ஈக்குவலைசர்' மூலம் ஒலிச் சமன்பாட்டை ஓரளவு திருத்தவும் முடியும். புதியது வாங்குவதற்கு முன்பு, கையில் இருப்பதை அதன் மூலம் ஒருமுறை சரிசெய்து பார்ப்பதில் செலவு எதுவும் இல்லை.

இன்னும் ஒரு செய்தி. ஒரு பக்கம் சத்தம் குறைந்துவிட்டது என்று தூக்கி எறியப்படும் இயர்ஃபோன்கள் பல உண்மையில் பழுதாகாதவை. காது அழுக்கு வலைக்கண்ணை அடைத்திருக்கும். நம் ஊரின் புழுக்கத்தில் வியர்வையும் சேர்ந்துகொள்கிறது. வாரம் ஒருமுறை முனைகளைக் கழற்றிக் கழுவிக் காயவைத்தால் கருவிக்கும் நல்லது, காதுக்கும் நல்லது.

காதின் கணக்கு

இதுவரை பணத்தின் கணக்கு. இதைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது.

ரயில் சுரங்கப்பாதையில் விரையும்போது உள்ளே 75 டெசிபல் இரைச்சல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காதை அடைக்காத சாதாரண இயர்ஃபோன் அணிந்தவர், பாடல் தெளிவாகக் கேட்க அதைவிடப் பத்து டெசிபல் கூட்டி 85இல் வைப்பார். நன்றாகப் பொருந்திய ஐ.இ.எம். வெளி இரைச்சலில் 20 டெசிபல் வரை தடுக்கும், தாழ்ந்த உறுமலை மட்டும் சற்றுக் குறைவாகத் தடுக்கும். அதை அணிந்தவருக்கு 70 டெசிபலே போதும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதலின்படி, பெரியவர்கள் வாரத்தில் 40 மணி நேரம் வரை 80 டெசிபல் அளவில் கேட்கலாம். சத்தம் மூன்று டெசிபல் கூடும் ஒவ்வொரு முறையும் அந்த நேரம் பாதியாகக் குறைகிறது. 83 டெசிபலில் 20 மணி நேரம், 86இல் 10, 89இல் 5. நாள்தோறும் இரண்டு மணி நேரம் ரயிலில் போய்வரும் இளையர் 86 டெசிபலில் கேட்டால், ஐந்தே நாளில் அந்த வாரத்தின் அளவு தீர்ந்துவிடும். 12 முதல் 35 வயது வரையிலான நூறு கோடிக்கும் மேற்பட்டோர், இத்தகைய சத்தத்தால் கேட்கும் திறனை இழக்கும் அபாயத்தில் இருப்பதாக அந்நிறுவனம் 2022ஆம் ஆண்டில் எச்சரித்தது.

உட்காதில் ஏறத்தாழ 15,000 நுண்ணிய மயிரணுக்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்கு எடுத்துச் சொல்பவை அவையே. அழிந்தால் மீண்டும் முளைக்காது. இரைச்சலால் வரும் இழப்பு பெரும்பாலும் முதலில் தாக்குவது 4,000 ஹெர்ட்ஸ் பகுதியை. பேச்சிலும் பாட்டிலும் மெய்யெழுத்துகளின் தெளிவு அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. பாட்டு கேட்கும், ஆனால் சொல் மங்கும். மெட்டு புரியும், ஆனால் தம்புராவும் தாளத்தின் நுணுக்கமும் மறையும். வலி இல்லாததால் அது நிகழ்வதே தெரியாது.

சிங்கப்பூரில் பல ஆண்டுகளாக அதிகம் பதிவாகிவரும் தொழில்சார்ந்த நோய்களுள் ஒன்று, இரைச்சலால் ஏற்படும் செவிப்புலன் இழப்பு. கப்பல் பட்டறையில் முப்பது ஆண்டுகள் உழைத்த அந்தத் தந்தைக்கு, இருபது வெள்ளிக் கருவியும் நானூறு வெள்ளிக் கருவியும் ஒன்றுபோலவே கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கக்கூடும். அவர் இரைச்சலில் நின்றது குடும்பத்தின் பிழைப்புக்காக. மகனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

தந்தையின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அதே பாட்டுதான். அதைத் தெளிவாகக் கேட்க நானூறு வெள்ளி தேவையில்லை. நூறு, நூற்றைம்பது வெள்ளிக்குள், காதில் சரியாகப் பொருந்தி வெளிச் சத்தத்தை அடைக்கும் கருவி ஒன்றை நிதானமாகத் தேர்ந்தெடுத்தால் போதும். அதற்கு மேல் செலவிட விரும்புவோர் செலவிடலாம், அது அவரவர் ஆசையையும் வசதியையும் பொறுத்தது. எதை வாங்கினாலும் சாலையைக் கடக்கும்போது கழற்றிவிட வேண்டும். வீட்டின் அமைதியில் ஒருமுறை சத்தத்தின் அளவைப் பார்த்து வைத்துக்கொண்டு, ரயிலிலும் அதற்கு மேல் ஏற்றாமல் கேட்கப் பழக வேண்டும்.

மகன் கடைக்குச் செல்லும் நாளில் அப்பாவையும் அழைத்துச் செல்லலாம். ஒரே பாடலை இருவரும் மாறி மாறிக் கேட்டுப் பார்க்கட்டும். மகனுக்குக் கேட்கும் தம்புரா அப்பாவுக்குக் கேட்கவில்லை என்றால், அடுத்து இருவரும் சேர்ந்து போக வேண்டிய இடம் செவிப்புலன் பரிசோதனை நிலையம்.